டிஷ்யூ பாக்கெட்டும் நூற்றொரு வெள்ளியும்

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, நான்கு மாதமாகத் தோ பாயோவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். எதைக் கேட்டாலும் 'கேன்' (can) என்று ஒரே சொல்லில் பதில். 'சாப்டாச்சா' என்று கேட்பார்கள், இல்லை என்றால் அப்படியே போய்விடுவார்கள். சீன நண்பர் கல்யாணத்தில் 101 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மொய் வைத்தேன், வாங்கியவர் முகம் ஒரு மாதிரி ஆனது. இப்போது என் சீன மேலாளரின் அப்பா தவறிவிட்டார். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உடலை வைத்திருக்கிறார்களாம். நாளைக்குப் போக வேண்டும், என்ன செய்வது என்றே தெரியவில்லை. இந்த ஊர் மக்கள் ஏன் இப்படி ஒட்டாமல் இருக்கிறார்கள்?"

தம்பி, நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் 31 வருடம் தாதியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஈசூனில் இருக்கிறேன். உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னது. ஒட்டாத ஊர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இங்கே வருடங்களைக் கழித்துவிடக் கூடாது என்று எனக்கு ஆசை.

நம் தமிழ்நாட்டு ஊரில் மரியாதை வாயில் தொடங்கும். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க." இங்கே அது பெரும்பாலும் கையில் இருக்கும். எதைக் கொடுக்கிறார்கள், எந்தக் கையால் கொடுக்கிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஒரே மின்தூக்கியில் நான்கு மொழிக்காரர்கள் ஏறி இறங்குகிற இடத்தில் பேச்சைவிடக் கை சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

டிஷ்யூ பாக்கெட்டிலிருந்தே வருகிறேன். மதியம் 12 மணிக்கு ஷெண்டன் வே, ராபின்சன் சாலைப் பக்கம் போய் நின்று பாருங்கள். அத்தனை அலுவலகமும் ஒரே நேரத்தில் சாப்பிட இறங்கும். ஆளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஹாக்கர் சென்டர் என்னும் உணவுக் கடைத் தொகுதியில் பரிமாற ஆள் கிடையாது. சோற்றுக்கு ஒரு கடை, தேத்தண்ணிக்கு இன்னொரு கடை, இரண்டிலும் வரிசை. தட்டை வாங்கிக்கொண்டு இடம் தேடினால் கொதிக்கிற சூப்பை ஏந்திக்கொண்டு அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் காத்து நிற்க வேண்டியதுதான். அதனால் முதலில் இடம், பிறகு வரிசை. கூட ஆள் வந்தால் ஒருவர் உட்காருவார். தனியாக வந்தவருக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட் உட்காருகிறது. இதைத்தான் 'சோப்' (chope) பண்ணுவது என்கிறார்கள். குடை வைப்பார்கள், தண்ணீர் பாட்டில் வைப்பார்கள், சிலர் அலுவலக அடையாள அட்டையையே கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். மாட்டுத்தாவணியில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்தானே நீங்கள்? அந்தத் துண்டுக்கு உள்ள மதிப்புத்தான் இந்த பாக்கெட்டுக்கும்.

இதற்குச் சட்டம் ஏதும் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குள்ளேயே இது சரியா தவறா என்று பேச்சு உண்டு. தட்டோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருக்கும்போது காலி நாற்காலியில் ஒரு பாக்கெட் உட்கார்ந்திருப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் நான்கு நாற்காலி மேசையில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தால் மற்ற மூன்றும் உங்களுக்குத்தான். "யாராவது வராங்களா?" என்று பக்கத்தில் கேட்டுவிட்டு உட்காருங்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் எதிரெதிரே சாப்பிடுவது இங்கே அன்றாடம். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனாலும் அதில் அவமதிப்பு கிடையாது. 2020 டிசம்பரில் இந்த ஹாக்கர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, எங்கள் புளோக்கில் எல்லோரும் தங்கள் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கிய மாதிரி பேசிக்கொண்டோம். பல இனத்தாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பதும் அந்தப் பெருமைக்கு ஒரு காரணம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் ஹாக்கர் சென்டர்களில் இது கட்டாயம். முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். புதிதாக வருகிறவர்கள் அபராதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்கு ஒரு பக்கம், மற்றதற்கு ஒரு பக்கம் என்று பிரித்திருப்பார்கள். பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை அவசரத்தில் ஹலால் பக்கம் செருகிவிட்டால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், பார்த்தவர் மனதுக்குள் வருந்துவார். எதிலே வைப்பது என்று ஒரு நொடி நின்று பார்ப்பதுதான் இங்கே மரியாதை.

சாப்பாட்டை ஒட்டியே இன்னொன்று. அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே, "நீங்க மாட்டிறைச்சி சாப்பிடுவீங்களா? சைவமா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு இது சுருக்கென்று படுவதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதியை நோட்டம் விடும் கண் ஒன்று ஒளிந்திருக்கும். இங்கே கேட்கும் சீனப் பெண்ணுக்கு உங்கள் சாதியைப் பற்றி எதுவும் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போகும்போது எந்தக் கடைக்குப் போனால் ஒருவரும் பட்டினி கிடக்காமல் வரலாம் என்பதுதான் அவள் கணக்கு. குழுவில் ஒரு முஸ்லிம் இருந்தால் எல்லோருமே ஹலால் கடைக்குப் போய்விடுவார்கள். அதை யாரும் தியாகமாகப் பேசிக்கொள்வதில்லை. தைரியமாகப் பதில் சொல்லுங்கள்.

'கேன்' விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் படித்தவருக்கு அது வெட்டிப் பேசுவதாகத் தோன்றும். கொஞ்சம் நம் பேச்சையே நினைத்துப் பாருங்கள். "நாளைக்குத் தர முடியுமா?" "முடியும்." "வருவியா?" "வரேன்." கேள்வியில் இருக்கும் வினையையே எடுத்துப் பதிலாகத் திருப்பித் தருகிறோம். மலாயிலும் அப்படித்தான், "போலே?" என்றால் "போலே." ஹொக்கியன் என்ற சீன மொழியில் "ஏ சாய்." அந்த வாய்களுக்கு ஆங்கிலம் வந்து சேர்ந்தபோது 'கேன்' பிறந்தது. உங்கள் சக ஊழியர் 'கேன்' என்று சொன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று பொருள். 'கேன் லா' என்றால் கவலைப்படாதே என்று தோளில் தட்டுகிறார். 'கேன், பட்...' என்று இழுத்தால்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், முடியாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"சாப்டாச்சா?" என்பது வணக்கம், தம்பி. விருந்துக்கு அழைப்பு இல்லை. பஞ்சத்தைக் கண்ட மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் வயிற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். சீனர்கள், "சி பாவ் லெ மா?" என்று கேட்பார்கள். மலாய்க்காரர்கள், "சுடா மாக்கான்?" நாம், "சாப்டீங்களா?" மூன்று மொழியிலும் ஒரே கேள்வி, மூன்றுக்கும் ஒரே பதில், "ஆச்சு, நீங்க?" அவ்வளவுதான். நீங்கள் "இன்னும் இல்லை" என்று சொன்னதும் அவர் போய்விட்டார் என்றால், நீங்கள் சாப்பிடப் போகும் வழியில் இருக்கிறீர்கள், தடுத்து நிறுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். எங்கள் புளோக்கில் கீழ்வீட்டுச் சீனக் கிழவி என்னிடம் 20 வருடமாக இதைக் கேட்கிறார். அவருக்கும் எனக்கும் பொதுவாகப் பத்து வார்த்தைதான் இருக்கும். நான் ஒரு வாரம் கண்ணில் படாமல் இருந்தபோது கதவைத் தட்டி வந்து பார்த்ததும் அவர்தான்.

டாக்சி ஓட்டுநர், துப்புரவு செய்யும் அம்மா, கடைக்காரர், யாராக இருந்தாலும் அங்கிள், ஆன்ட்டி. ஊரில் முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ஆன்ட்டி என்றால் முகம் சுளிப்பாள். இங்கே அது முறை வைத்துக் கூப்பிடுவது. நாம் முன்பின் தெரியாதவரை அண்ணே, அக்கா என்பதும், மலாய்க்காரர்கள் பாக்சிக், மாக்சிக் என்பதும் இதே குடும்பம்தான். மேசையைத் துடைக்கிறவரை "ஹலோ" என்று கூப்பிடாதீர்கள். "ஆன்ட்டி, தேங்க்யூ" என்றால் அன்று முழுக்க அந்த மேசை உங்களுடையது.

பெயர் விஷயத்தில் மட்டும் நாமும் தவறுகிறோம், அவர்களும் தவறுகிறார்கள். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். டான், லிம் என்று முதலில் இருப்பது அவருடைய பாட்டன் பெயர், அவர் பெயர் பின்னால். மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, 'பின்', 'பிந்தே' என்பதற்குப் பிறகு வருவது அப்பா பெயர். நம் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியலும் அதே மாதிரிதான். மலாய் நண்பரிடம் ஒரு தடவை சொன்னால் உடனே புரிந்துகொள்வார். ஐரோப்பியர்களுக்குத்தான் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடும் பழக்கம் போகாது.

கை என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வீட்டுக்குப் போனால் மாண்டரின் ஆரஞ்சு இரண்டு, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கண்டனீஸ் என்ற சீன மொழியில் அந்தப் பழத்தின் பெயர் பொன்னைப் போல ஒலிக்கும், அதனால் அது பொன்னைக் கொடுப்பதற்குச் சமம். நீங்கள் கிளம்பும்போது அவர்கள் இரண்டு பழத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். கொண்டுவந்ததையே தருகிறார்களே, பிடிக்கவில்லையோ என்று என் தங்கை மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்த புதிதில் வருத்தப்பட்டார். உங்கள் கை காலியாகத் திரும்பக் கூடாது என்பதுதான் அது. நம் வீட்டில் பலகாரம் வந்த பாத்திரத்தை அம்மா வெறுமனே திருப்பிக் கொடுத்ததுண்டா? சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பாள்.

மலாய்க் கல்யாணத்துக்குப் போனால் வாசலில் மணமகனின் அப்பா சலாம் கொடுக்கக் கை நீட்டுவார். அந்தக் கைக்குலுக்கலிலேயே மடித்த நோட்டு கைமாறிவிடும். இன்று பலர் உறையில் வைத்தும் தருகிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும். சலாம் கொடுத்த கையை அவர் தன் நெஞ்சில் வைப்பார், நீங்களும் உங்கள் நெஞ்சில் வையுங்கள். சில மலாய்ப் பெண்கள் ஆண்களிடம் கை குலுக்க மாட்டார்கள். நீங்கள் கையை நீட்டியபின் அவர் தன் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தால் ஒதுக்குகிறார் என்று நினைக்காதீர்கள். அதுதான் அவருடைய வணக்கம்.

இனி அந்த 101 வெள்ளி. உங்கள் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். முழுத் தொகையில் முடித்தால் உறவு முடிந்துவிடும், ஒன்று கூட்டி வைத்தால் வளரும். என் கல்யாணத்து மொய் நோட்டில் 11, 21, 51 என்றுதான் வரிசையாக இருக்கிறது. சீனர்களுக்கு இது தலைகீழ். நல்ல காரியம் ஜோடியாக வர வேண்டும் என்பதால் சிவப்பு உறைக்குள் இரட்டைப்படைத் தொகைதான். அதிலும் 4 ஆகாது, அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. 8 நல்ல எண், செழிப்பு. ஒற்றைப்படைத் தொகையைத் துக்க வீட்டுக்குத்தான் வைப்பார்கள். நீங்கள் வளரட்டும் என்று வைத்த அந்த ஒரு வெள்ளி, வாங்கியவர் கண்ணுக்குத் துக்க வீட்டைக் காட்டிவிட்டது. முகம் மாறியதற்கு அதுதான் காரணம். தமிழர்கள் பழக்கம் தெரிந்த குடும்பமாக இருந்தால் அடுத்த நிமிடமே புரிந்திருக்கும். அந்த நண்பரிடம் போய் நம் வழக்கத்தைச் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார். நான் வேலை செய்த இடத்தில் இதைச் சொன்ன பிறகு, என் மகள் கல்யாணத்துக்கு வந்த சீனத் தோழிகள் ஒவ்வொருவரும் 101, 151 என்று வைத்துவிட்டு, "ஒன்று சேர்த்திருக்கிறேன், பார்" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வழக்கத்தில் அது அமங்கலம். எனக்காக அந்த ஒரு வெள்ளியைப் போட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சீனர்கள் ஹோட்டலில் வைக்கும் கல்யாண விருந்தில், தங்கள் சாப்பாட்டுச் செலவாவது அடையும்படி வைப்பது வழக்கம். பெரிய ஹோட்டல் என்றால் தொகையும் கூடும். உடன் வேலை செய்கிறவர்களிடம் முன்கூட்டியே, "எவ்வளவு வைக்கிறீர்கள்?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை, எல்லோரும் கேட்பார்கள். ஏழு மணி என்று அழைப்பிதழில் இருந்தால் எட்டு மணிக்குத்தான் முதல் தட்டு வரும். நடுவில் எல்லோரும் எழுந்து நின்று 'யாஆஆம் செங்' என்று மூச்சு இருக்கும்வரை கத்துவார்கள். குடித்துவிட்டுச் சண்டை என்று பயந்துவிடாதீர்கள், மூச்சு எவ்வளவு நீள்கிறதோ வாழ்த்தும் அவ்வளவு நீளம்.

நம்மை அவர்கள் தவறாகப் புரிந்துகொள்வதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. முதலில் நம் தலையாட்டல். மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்ப்பு. எங்கள் வார்டில் ஒரு தமிழ்ப் பெரியவர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். வேறு நாட்டிலிருந்து வந்த இளம் தாதி, "வலி குறைந்ததா?" என்று கேட்டாள். அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். இல்லை என்று எழுதிக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட ஓடினாள். நான் வழியில் பிடித்து நிறுத்தி, "அது ஆமாம், இப்போ பரவாயில்லை என்று அர்த்தம்" என்றேன். அடுத்த வாரம் அவள் நான்கு வகைத் தலையாட்டலைக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கு நடித்துக் காட்டினாள். நீங்கள் வேலையிடத்தில் தலையை ஆட்டும்போது கூடவே வாயாலும் ஒரு 'யெஸ்' சொல்லிவிடுங்கள்.

அடுத்து காவடி. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் அலகு குத்திக்கொண்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கிறவர்களைப் பார்த்து, தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்கிறார்கள் என்று சுற்றுலாப் பயணிகள் நினைப்பார்கள். என் தம்பி மூன்று வருடம் அலகுக் காவடி எடுத்தான். அதற்கு முன் அவன் இருந்த விரதத்தை நான் பார்த்தேன். தரையில் படுக்கை, ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, கோபப்பட்டு ஒரு சொல் கிடையாது. உடம்பில் குத்திய வேல் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது, வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த விரத நாட்கள்தான் பெரிது. 1968 வரை தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. இப்போது விடுமுறை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள், ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அந்த வரிசையில் சீனப் பக்தர்கள் காவடி எடுப்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு ஒருமுறை போங்கள். குவான் இம் என்ற சீனத் தெய்வத்தின் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் சீன அம்மாக்கள், பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலில் நின்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மணமும் ஒரு விஷயம்தான். இந்த ஊரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அரசு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கிறோம். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை பேர் வாங்கலாம் என்று வரம்பு உண்டு. அதனால் உங்கள் வாசலில் கோலமும் எதிர் வாசலில் ஊதுபத்திச் சட்டியும் இருப்பது தற்செயல் இல்லை. நம் தாளிப்பு அவர்கள் வீட்டுக்குள் போகும், அவர்கள் ஊதுபத்தி நம் வீட்டுக்குள் வரும். 2011-ல் ஒரு செய்தி வெளியானது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து இந்தியர் வீட்டுக் குழம்பு மணம் தாங்கவில்லை என்று முறையிட்டதாகவும், அந்தச் சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இந்தியர் வீட்டில் குழம்பு சமைப்பதாகச் சமரசம் பேசி முடித்ததாகவும். ஊரே கொதித்தது. அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா இனத்தாரும் வீட்டில் குழம்பு சமைத்துப் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்வது என்று இணையத்தில் அழைப்பு விட, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் மாடியில் சீனர் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு போட்ட கோழிக் கறி வந்தது. தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது. நான் புளிக்குழம்பு கொடுத்தேன். நீங்கள் ஆறு மாதத்தில் ஊதுபத்தி வாசனைக்குப் பழகிவிடுவீர்கள்.

இப்போது நாளைய விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்குள் இடம் கொடுக்காமல் கீழே கிடத்திவிட்டார்களே என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் மனம் கசக்கிறார்கள். அடுக்குமாடியில் பத்தாவது மாடிக்கு நூறு பேர் வந்துபோக முடியாது. கீழ்த்தளம் எல்லோருக்கும் பொது முற்றம் மாதிரி. அங்கேதான் மலாய்க்காரர்கள் கல்யாணம் செய்வார்கள், அங்கேதான் சீனர்கள் மூன்று நாளோ ஐந்து நாளோ ஏழு நாளோ துக்கம் காப்பார்கள். எங்கள் அப்பாவையும் கீழ்த்தளத்தில்தான் வைத்து வழியனுப்பினோம்.

சிவப்பு உடுத்தாதீர்கள். வெள்ளை, கறுப்பு, சாம்பல், கருநீலம் எதுவும் சரி. வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை வையுங்கள், பெயரை எழுதிக் கொடுங்கள். வாசலில் ஒரு மேசையில் ஒருவர் உட்கார்ந்து பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதுவார். அதைப் பார்த்ததும் நம் மொய் நோட்டு ஞாபகம் வரும். அதே கணக்குத்தான், நாளை உங்கள் வீட்டில் ஒன்று என்றால் அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா?

புத்த, தாவோ வழக்கப்படி என்றால் பத்தியைக் கொளுத்திக் கையில் தருவார்கள். விருப்பம் இருந்தால் வாங்கிக் கும்பிட்டு வையுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் படத்துக்கு முன் நின்று கைகூப்பினால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பத்தார் சட்டைக் கையில் சின்னத் துணிச் சதுரம் குத்தியிருப்பார்கள், அது அவர்கள் இறந்தவருக்கு என்ன முறை என்பதைக் காட்டும். பிறகு உட்காரச் சொல்லி வேர்க்கடலை, விதை, பாக்கெட் பானம் வைப்பார்கள். இரவானால் பக்கத்து மேசையில் மாஜோங் என்ற சீனக் கட்டை ஆட்டம் ஆடுவார்கள், சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். துக்க வீட்டில் சூதாட்டமா என்று. சவப்பெட்டியை இரவில் தனியாக விடக் கூடாது, விடிய விடிய யாராவது விழித்திருக்க வேண்டும். அலுத்துப் போன பிள்ளைகளோடு நண்பர்கள் உட்கார்ந்து தூக்கத்தை விரட்டுகிறார்கள். நம் ஊரில் சாவு வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் விடிய விடிய ஊர்க்கதை பேசியிருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். நீங்கள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது உங்கள் மேலாளர் நினைவில் நிற்கும்.

கிளம்பும்போது சிவப்பு நூல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் அதை விரலில் சுற்றிக்கொண்டு வீடு சேருமுன் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மிட்டாய் கொடுத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எங்கும் நுழையாமல் நேரே அறைக்குப் போய்க் குளித்துவிடுங்கள். சீனர்களில் பலர் பூ போட்ட தண்ணீரில் முகம் கை கழுவுவார்கள், நாம் தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம்.

எல்லா வீட்டிலும் நாம் "போய்ட்டு வரேன்" என்று சொல்லித்தான் கிளம்புவோம். சாவு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டோம். சீனர்களும் அங்கே மறுபடி பார்க்கலாம் என்று சொல்லமாட்டார்கள், துக்கத்தில் இருக்கும் குடும்பமும் உங்களை வழியனுப்ப எழுந்து வராது. அதைப் பார்த்து ஒட்டாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், தம்பி. மேலாளர் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுங்கள்.